மேலே வந்ததும் கண்ணில் படுங்கள்

நீரோட்டத்தோடு முக்குளிக்கப் புறப்படும் தமிழ் டைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

புதுச்சேரியிலோ அந்தமானின் சுவராஜ் தீவிலோ ஸ்கூபா பயின்று, ஓப்பன் வாட்டர் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கு மாலத்தீவா, இந்தோனேசியாவா, பலாவுவா என்று விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இந்த மடல். ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழகத்தில் கடலுக்கு அடியில் போய் வந்தவர்கள் என்றால் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும்தான். இன்று அலுவலக விடுப்பு எடுத்துக்கொண்டு இளைஞர்களும் பெண்களும் கடலுக்குள் இறங்குகிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய மாற்றம் இது. அந்த ஆர்வம் குறையாமல் இருக்க வேண்டும், போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவும் வேண்டும் என்பதால் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்குக் கடலில் நான்கு டைவ் போதும். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். அந்த நான்கும் பெரும்பாலும் அமைதியான தண்ணீரில், நங்கூரம் போட்ட படகுக்குக் கீழே நடப்பவை. இறங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறி வரலாம். உலகப் புகழ்பெற்ற பவளச் சுவர்களில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே படகு நங்கூரம் போடுவதில்லை. டைவர்களை ஓரிடத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் விடும் காற்றுக் குமிழிகளைப் பார்த்தபடி மேலே பின்தொடர்கிறது. நீரோட்டம் அவர்களைச் சுவரோரமாகச் சுமந்து போய் வேறோரிடத்தில் விடுகிறது. அங்கே படகு வந்து ஏற்றிக்கொள்கிறது. டிரிஃப்ட் டைவ் என்பது இதுதான்.

கால் அடிக்கத் தேவையில்லை, மூச்சு வாங்காது, மீன்கள் நிறைய என்பதால் இதை எளிதான டைவ் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை எளிது. முடிந்து மேலே வரும் நேரம்தான் கடினமானது. அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

பலாவுவை எடுத்துக்கொள்ளலாம். மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே இருக்கும் சின்னஞ்சிறு குடியரசு அது. 1994-இல் விடுதலை பெற்ற அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 18,000. கொரோர் நகரிலிருந்து விசைப்படகில் தென்மேற்கே போனால், சுண்ணாம்புக்கல் தீவுகளின் ஊடே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடற்காயலின் விளிம்பு வந்துவிடும். ஜெர்மன் சேனல், ஙெமெலிஸ் சுவர், புளூ கார்னர் என டைவர்கள் கனவு காணும் இடங்கள் அந்த விளிம்பில்தான் வரிசையாக இருக்கின்றன. இந்தத் தீவுக் கூட்டத்தையும் காயலையும் யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஙெமெலிஸில் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் பவளத் திட்டின் மேல் மிதந்தபடி எட்டிப் பார்த்தால், அடுத்த கை வீச்சில் தரை முடிந்துவிடும். அங்கிருந்து சுவர் இருநூறு மீட்டருக்கும் மேல் நேர்குத்தாக இறங்குகிறது. சுவர் முழுக்கக் கடல் விசிறிகளும் மென்பவளங்களும் பஞ்சுயிரிகளும் ஒட்டியிருக்கும். விசிறிகள் எல்லாம் நீரோட்டத்துக்குக் குறுக்கே விரிந்து நிற்கும். ஓடி வரும் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அவற்றின் உணவு என்பதால், நன்றாக வளர்ந்த கடல் விசிறியைப் பார்த்தாலே அந்த இடத்தில் ஓட்டம் எந்தப் பக்கமாக அடிக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். விளிம்புக்கு வெளியே கிளாத்தி மீன்கள் கூட்டமாக நின்று மிதவை உயிர்களைக் கொறிக்கும். ஓட்டம் கூடியதும் அவை சுவரை ஒட்டி வந்துவிடும். கண் பழகியவருக்கு அதுவே எச்சரிக்கை.

அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஓதத்திலிருந்து. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும்போது காயலுக்குள் தண்ணீர் புகுகிறது, வற்றும்போது வெளியேறுகிறது. அவ்வளவு தண்ணீரும் சில கால்வாய்கள் வழியாகவும் திட்டின் விளிம்பைச் சுற்றியும்தான் போய் வர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருப்பதால் ஓட்டமும் வேகமெடுக்கும். காலையில் வடக்கே இழுத்த தண்ணீர் மாலையில் தெற்கே இழுக்கலாம். அதனால்தான் நல்ல வழிகாட்டி ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்தாலும், இடத்தை அடைந்ததும் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே முதலில் தண்ணீரில் இறங்கி ஓட்டத்தைப் பார்க்கிறார். அவர் அப்படிச் செய்யும்போது நேரம் வீணாகிறது என்று முணுமுணுக்கக் கூடாது. அந்த இரண்டு நிமிடம் உங்களுக்காகச் செலவாகிறது.

வேகத்தைக் கணக்கில் பார்த்தால் நிலைமை புரியும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், தரையில் மெதுவாக நடக்கும் வேகம்தான். ஆனால் சிலிண்டரும் உபகரணங்களும் சுமந்த டைவர் ஒருவர் அந்த வேகத்தை எதிர்த்துச் சில நிமிடங்களுக்கு மேல் நீந்த முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஒரு நாட் ஓட்டத்தில் 45 நிமிடம் மிதந்தால் இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் தள்ளித்தான் மேலே வருவோம். அதே ஓட்டம் இரண்டு நாட் ஆகி, மேலே வந்த பிறகும் ஒரு மணி நேரம் படகு கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் 3.7 கிலோமீட்டர் போயிருக்கும். கடலில் கைகால் அடித்து மீட்கக்கூடிய தூரமில்லை அது.

புளூ கார்னரில் சுவர் ஒரு முக்கோண மேடையாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேடை ஏறக்குறைய 15 மீட்டர் ஆழத்தில். ஓட்டம் சுவரில் மோதி, போக வழியில்லாமல் மேல்நோக்கித் திரும்பி விளிம்பைத் தாண்டுகிறது. அந்த விளிம்பில்தான் சாம்பல் நிறப் பவளத்திட்டுச் சுறாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பின்னால் சீலா மீன் கூட்டம், பாரைக் கூட்டம், மெல்ல உலவும் நெப்போலியன் மீன். சுறாக்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவா கால்வாயில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, மேலெழும் ஓட்டத்தில் நிற்கும் இந்தச் சுறாக்கள் 10 முதல் 15 சதவீதம் வரை சக்தியை மிச்சப்படுத்துகின்றன என்று கணக்கிட்டது. நீந்தாமல் இருக்க முடியாத உயிரினத்துக்கு ஓய்வெடுக்கத் தோதான இடம் அதுதான்.

அந்தக் காட்சியை நின்று பார்க்கப் பலாவுவில் ஒரு கொக்கி பயன்படுத்துகிறார்கள். மழுங்கிய முனையுள்ள எஃகுக் கொக்கி, ஒன்றரை மீட்டர் அளவுக்குக் கயிறு, மறுமுனையில் காற்றுச் சட்டையில் மாட்டும் கிளிப். வழிகாட்டி காட்டும் இடத்தில், உயிரில்லாத பாறைப் பிளவில் கொக்கியை மாட்டிவிட்டு, சட்டைக்குள் கொஞ்சம் காற்று விட்டால் போதும். டைவர் பட்டம்போல ஓட்டத்தில் எழும்பி நிற்பார், பவளத்தில் உடம்பு படாது. கழற்றும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் சட்டையிலிருந்து காற்றை விட வேண்டும், பிறகு கயிற்றைப் பிடித்து முன்னேறிக் கொக்கியை எடுக்க வேண்டும். காற்றை விடாமல் கொக்கியை எடுத்தால் அந்தக் கணமே மேற்பரப்பை நோக்கித் தூக்கியெறியப்படுவார். நுரையீரலுக்கு அதைவிட ஆபத்தான பயணம் இல்லை. உயிருள்ள பவளத்தில் கொக்கியை மாட்டுவது, பல ஆண்டுகளாக வளர்ந்ததை ஒரு நொடியில் உடைப்பதாகும். சரியான இடம் தெரியாவிட்டால் மாட்டாமல் மிதந்து போய்விடுவதே நல்லது.

சுவரில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. முதலாவது ஆழம். கீழே தரை இல்லாததால் எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் இடத்தில் 20 மீட்டரும் 32 மீட்டரும் ஒன்றுபோலவே தோன்றும். 30 மீட்டரில் ஒரு மூச்சுக்கு மேற்பரப்பில் ஆகும் காற்றைப்போல நான்கு பங்கு செலவாகிறது. மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் அங்கே இருக்கக்கூடிய நேரமும் 20 நிமிட அளவுதான். டைவ் கணினியை அடிக்கடி பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது, கீழ்நோக்கி இழுக்கும் ஓட்டம். சுவரின் மூலைகளில் தண்ணீர் சில நேரம் விளிம்பிலிருந்து கீழே கொட்டும். தான் விட்ட குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போவதைப் பார்த்தால், காதில் அழுத்தம் கூடுவதை உணர்ந்தால், அதற்குள் சிக்கிவிட்டதாகப் பொருள். எதிர்த்து நேர் மேலே நீந்தினால் காற்றுத்தான் தீரும். சுவரை விட்டு விலகி நீலத் தண்ணீரை நோக்கிக் குறுக்காக நீந்த வேண்டும், அல்லது சுவரை ஒட்டிப் பாறையைப் பிடித்தபடி ஏற வேண்டும். இழுவை விட்டதும் சட்டையிலுள்ள காற்றை உடனே வெளியேற்ற வேண்டும். கையால் பவளத்தைத் தொடலாம் என்றால் இந்த ஒரு சமயத்தில்தான்.

இப்போது மேலே வருவதற்கு வருவோம். இந்த மடல் எழுதப்படுவதே அதற்காகத்தான்.

அலையில் மிதக்கும் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான் தெரியும். சிறிய அலை, மாலை வெயிலின் கூச்சம், ஒரு மழைச்சாரல் போதும், சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் படகோட்டியின் கண்ணுக்கு அது தப்பிவிடும். குமிழிகளும் அப்படித்தான், அலையடிக்கும் கடலில் தெரியாது. அதனால் எஸ்எம்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அடையாள மிதவையை ஒவ்வொருவரும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குறையாத குழல். விலை அதிகமில்லை. சுருட்டினால் காற்றுச் சட்டையின் பையில் அடங்கும்.

அதை மேலே வந்த பிறகு ஊதுவது தாமதம். ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்கும்போதே அனுப்ப வேண்டும். சுருளைப் பிரித்து, ரீலில் சுற்றிய அதன் கயிறு துடுப்பிலோ சிலிண்டரிலோ சுற்றிக்கொள்ளவில்லை என்று பார்த்து, ரீலைக் கையை நீட்டி உடம்புக்கு எட்டவே பிடித்து, வெளிவிடும் மூச்சைக் குழலின் வாயில் செலுத்தி விட வேண்டும். கயிறு விறுவிறுவென்று ஓடும். எங்காவது சிக்கினால் ரீலை விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொண்டால் குழல் ஆளையும் சேர்த்து மேலே இழுக்கும். எல்லாம் சரியாக நடந்தால், டைவர்கள் இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே மேலே குழல் நிமிர்ந்து நிற்கும், படகு அதை நோக்கித் திரும்பிவிடும். படித்தால் எளிதாகத் தோன்றும் இந்தச் செயலை, ஓட்டத்தில் ஆழம் மாறாமல் நின்றபடி செய்வது எளிதல்ல. முதல் தடவையாக அதைப் பலாவுவில் செய்து பார்க்கக் கூடாது.

இது மிகையான பயம் என்று யாருக்காவது தோன்றினால் நடந்தவற்றைப் பார்க்கட்டும். 1994 பிப்ரவரியில் பலாவுவின் பெலெலியு தீவருகே ஜப்பானிய டைவர்களும் அவர்களுடைய வழிகாட்டியும் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் சரியாகத் தலை எண்ணாமல் கரை திரும்பிய படகு ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவந்தது. அவர்கள் இல்லை என்பது தெரியவே இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. 2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவில் ஐந்து ஐரோப்பிய டைவர்கள் ஓட்டத்தில் சிக்கி, ரிஞ்சா தீவில் கரையேறி, சிப்பிகளைத் தின்று, நெருங்கி வந்த கொமோடோ உடும்பைக் கல்லெறிந்து துரத்தி, இரண்டு நாளுக்குப் பின் மீட்கப்பட்டார்கள். 2014 பிப்ரவரி 14 அன்று பாலிக்கு அருகே நுசா பெனிடா கடலில் ஏழு ஜப்பானியப் பெண்கள் காணாமல் போனார்கள். மூன்று நாள் கழித்து ஐவர் உயிரோடு கிடைத்தார்கள், இருவர் இறந்துவிட்டார்கள்.

இந்த ஏழு பேரில் பயிற்றுநர்களும் இருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நன்றாக மூழ்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது நடந்தது. தண்ணீருக்கடியில் அவர்கள் என்ன தெரிந்து வைத்திருந்தாலும், மேலே வந்தபோது படகின் கண்ணில் அவர்கள் படவில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். டைவர்கள் கீழே இருக்கும்போது படகில் ஓட்டுநரைத் தவிர பார்வையிட இன்னொருவர் இருக்கிறாரா? ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா? படகில் வானொலியும், மாற்று எஞ்சினும், ஆக்சிஜனும் இருக்கின்றனவா? குழுவைப் பிரிந்துவிட்டால் எத்தனை நிமிடம் தேடிவிட்டு மேலே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிறார்களா? ஒரு நிமிடம் என்பது உலகெங்கும் வழக்கம். இறங்கும்போது சட்டையில் காற்றில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து உடனே ஆழம் போக வேண்டுமா, மேலே கூடிவிட்டு இறங்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் பலமாக இருக்கும் நாளில் மேலே மிதந்துகொண்டு முகக்கண்ணாடியைச் சரிசெய்பவர், கீழே போனவர்களிடமிருந்து அரை நிமிடத்தில் பிரிந்துவிடுவார். இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்புகிற கடையில் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் வேண்டாம்.

பலாவு மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மீன் குறைந்தால் ஊர்த் தலைவர்கள் ஒரு திட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவிடும் வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது, பெயர் 'புல்'. அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே 2009-இல் பலாவு தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். 2011-இல் வந்த ஓர் ஆய்வு, பலாவுவின் முக்கிய டைவ் இடங்களில் உலவும் ஒரு பவளத்திட்டுச் சுறா தன் ஆயுளில் 19 லட்சம் டாலர் சுற்றுலா வருமானம் தருவதாகக் கணக்கிட்டது. 2017 டிசம்பர் முதல், நாட்டுக்குள் வரும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் பலாவுவின் குழந்தைகளுக்குத் தரும் உறுதிமொழி ஒன்று முத்திரையிடப்படுகிறது. அதில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே போகலாம். பவளத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை.

அந்த மக்கள் இவ்வளவு செய்து காப்பாற்றி வைத்திருப்பதை, ஓட்டத்தில் தடுமாறி ஒருவர் கை வைத்து உடைத்தால் என்ன நியாயம்? 1998-இல் கடல் சூடேறியபோது பலாவுவின் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தன. மீண்டு வளர்ந்தவைதான் இன்று நாம் பார்ப்பவை. மிதப்பைச் சமமாக வைத்திருக்கப் பழகாதவர் பயத்தில் முதலில் பிடிப்பது பவளத்தைத்தான். டைவரின் உயிரைக் காக்கும் அதே பயிற்சிதான் சுவரையும் காக்கிறது.

எனவே இந்த மடலின் வேண்டுகோள் சிறியது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் ஓர் அடையாள மிதவையும் ரீலும் விசிலும் வாங்குங்கள். தொலைதூரக் கடலுக்குப் போவதாக இருந்தால் ஜிபிஎஸ் அவசர ஒலிபரப்பியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயின்ற பள்ளிக்கே திரும்பப் போய், முதலில் நீச்சல் குளத்திலும் பிறகு கடலிலும், ஐந்து மீட்டரில் ஆழம் மாறாமல் மிதவையை அனுப்பக் கை பழகும்வரை செய்து பாருங்கள். டிரிஃப்ட் டைவுக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, அதையும் முடித்துவிடுங்கள். ஓட்டம் பலமாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால், அவரோடு வாதாடாமல் வேறு இடத்துக்குப் போங்கள். புளூ கார்னரில் ஓதம் நாளைக்கும் ஏறும், வற்றும்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒரு டைவர்